மூன்று வயதுப் பிள்ளை நடிக்குமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். மூன்று வயது மகள். காலையில் பாலர் பள்ளி வாசலில் உங்கள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுகிறாள். உங்களுக்குப் பாவமாக இல்லை, எரிச்சல்தான் வருகிறது. "நடிக்கிறாள், அப்படியே என் மாமியார்" என்று தோன்றுகிறது. போன வாரம் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு வந்து, காரைக் கிளப்பாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். பெற்றோர் தங்கள் மனசில் இருப்பதைப் பிள்ளை மேல் ஏற்றிப் பார்க்கிறார்கள் என்று உளப்பகுப்பாய்வுக்காரர்கள் சொல்வது உண்மையா, உண்மை என்றால் நான் கெட்ட அம்மாவா அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்புறம் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "எங்கம்மா ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவங்க, பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை. என்னைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டுட்டுப் போவாங்க, நான் அழவே மாட்டேனாம், அவ்வளவு சமத்தாம்."

அந்தக் கடைசி வரிக்குத் திரும்பி வருகிறேன். என் கண்ணில் மொத்தக் கடிதமும் அந்த வரியில்தான் இருக்கிறது.

கெட்ட அம்மாவா என்ற கேள்விக்கு: இல்லை. அப்படி இருந்தால் "பிள்ளை நடிக்குது" என்பதோடு விஷயம் முடிந்திருக்கும், இவ்வளவு நீளமாக எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். இன்னொரு கேள்விக்கு ஆமாம் என்பதுதான் பதில், ஆனால் அந்த ஆமாமைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். மலேசியாவில், பினாங்கில் இருபது வருஷத்துக்கு மேலாகச் சின்னப் பிள்ளைகளையும் அவர்கள் அம்மா அப்பாக்களையும் பார்க்கிற வேலையில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

புத்தகங்களில் இதற்குப் புறத்தேற்றம் என்று பெயர் போட்டிருப்பார்கள். எனக்கு ஏற்றிவைப்பது என்ற சொல்லே போதும். நம்மிடம் இருக்கிற ஏதோ ஒன்று, நமக்கே பிடிக்காத குணமோ, தாங்க முடியாத வலியோ, கிடைக்காமலே போன ஆசையோ, அது நம்முடையது என்று தெரியாமலே இன்னொருவர் தலையில் ஏற்றிவைத்து, அங்கேதான் இருக்கிறது என்று பார்ப்பது. தெரியாமல் என்பதுதான் இதில் முக்கியம். "என்னால டாக்டராக முடியலை, நீ ஆகணும்" என்று வாய்விட்டுச் சொல்கிற அப்பா பிள்ளைக்குப் பாரம்தான், ஆனால் அதில் ஒளிவுமறைவு இல்லை, பிள்ளை வளர்ந்து சண்டை போட்டுக்கொள்ளலாம். சொல்லாமல், சொல்கிறவருக்கே தெரியாமல் ஏறுவதோடு சண்டை போட முடியாது. இதற்கு ரொம்ப வசதியான ஆள் கைக்குழந்தை. மறுத்துப் பேசாது, அதன் அழுகைக்கும் முறைப்புக்கும் நாம் வைத்ததுதான் அர்த்தம்.

நம் ஆட்களுக்கு இது ஒன்றும் புதுசும் இல்லை. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைச் சுமக்கிறவன். பிறந்து மூன்று நாள் ஆகியிருக்காது, ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு நெற்றி பெரியப்பாவுடையது, கோபம் பாட்டியுடையது என்று பங்கு பிரித்துவிடுகிறோம். அம்மா இறந்த வருஷம் பெண் பிறந்தால் "அம்மாவே வந்து பொறந்திருக்காங்க" என்கிறோம். மகளை "வாம்மா" என்றும் மகனை "என்னப்பா" என்றும் கூப்பிடுகிற மொழி நம்முடையது, யார் யாருக்குப் பிள்ளை என்று ஒரு நிமிஷம் குழம்பத்தான் செய்யும். இதில் தப்பே இல்லை, இது வேண்டும். பிறப்பதற்கு முன்பே மனசில் ஒரு பிள்ளையை வளர்த்து வைத்திருப்பதால்தான், பிறந்த அன்று சிவந்து சுருங்கி வீரிட்டுக்கொண்டிருக்கிற ஒன்றைப் பார்த்து நமக்கு நெஞ்சு நிறைகிறது. ஃப்ராய்டு 1914இல் தன்மோகம், அதாவது தன்மேலேயே வைக்கிற காதல், பற்றி எழுதிய கட்டுரையில் இதைத்தான் சொன்னார்: பெற்றோரின் அந்த மிதமிஞ்சிய பிரியம் அவர்கள் சின்ன வயதில் கைவிட்ட தன்மோகம் மறுபடி உயிர்பெற்று வருவது. நோயோ சாவோ இந்தப் பிள்ளையைத் தொடக்கூடாது, நமக்கு நடக்காததெல்லாம் இதற்கு நடக்கவேண்டும். மாட்சிமை தங்கிய குழந்தை என்று அவர் கொஞ்சம் கிண்டலாக எழுதியதை நாம் கிண்டலே இல்லாமல் "என் ராசா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பதற்கு என் வீட்டுக் கதையே இருக்கிறது. என் தம்பி கெடாவில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தான், கழுத்தில் கொடி சுற்றி. கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்களே, அதனால் மாமாவை வரவழைத்து, கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, பிள்ளையின் முகத்தை முதலில் எண்ணெயில் பார்க்கவைத்து, அப்புறம்தான் நேரில் பார்க்கவிட்டார்கள். தோஷம் கழிந்தது, எல்லாரும் சிரித்தார்கள், சாப்பிட்டார்கள். பதினோரு வருஷம் கழித்து மாமா மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். தம்பியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சேதி வந்தபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், பாட்டி அவன் தட்டை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. இன்று அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மாமாவுக்குச் சளி பிடித்தாலும் முதலில் ஓடுகிறவன் அவன்தான், வீட்டில் எங்கேயாவது கண்ணாடி டம்ளர் உடைகிற சத்தம் கேட்டால் அடுத்த அறையிலிருந்து "சாரி" என்று குரல் வரும்.

மெலனி கிளைன் என்ற உளப்பகுப்பாய்வுக்காரர் 1946இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார், தமிழில் நீளமாக வரும், விட்டுவிடுகிறேன். விஷயம் இதுதான்: என் மனசின் ஒரு துண்டை உனக்குள் தள்ளிவிட்டு, அது உன்னுடையது என்றே உன்னிடம் பழகுவது. கிளைன் அதைத் தள்ளுகிறவரின் மனசில் நடக்கிற கற்பனையாகத்தான் விவரித்தார். பின்னால் வந்தவர்கள், முக்கியமாக வில்ஃப்ரட் பியோன், வாங்கிக்கொள்கிறவர் நிஜமாகவே மாறிப்போவதைக் கவனித்தார்கள். பியோன் வட இந்தியாவில் மதுராவில் பிறந்து, எட்டு வயதில் இங்கிலாந்துப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர், பிரிவு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1960களின் தொடக்கத்தில் அவர் எழுதியதன் சாரம்: குழந்தை தன்னால் தாங்க முடியாத பயத்தை அம்மாவிடம் வீசும், அம்மா அதை வாங்கி, தன்னுள் வைத்து ஆற்றி, குழந்தை தாங்குகிற சூட்டில் திருப்பிக் கொடுப்பாள். "அம்மா போயிட்டுச் சாயங்காலம் வருவேன், பயமா இருக்கா, இருக்கட்டும், வந்துடுவேன்" என்கிறோமே, அதுதான். காலையில் பள்ளி வாசலில் உங்கள் மகள் செய்வதும் இதே வீச்சுதான். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் கை காலியாக இல்லை. ஏற்கெனவே எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

எதை என்பதற்கு செல்மா ஃப்ரைபர்க் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லவேண்டும், இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தவர். அவர் பல வருஷம் பார்வையில்லாத கைக்குழந்தைகளோடு வேலை செய்தார். பார்வையுள்ள குழந்தை அம்மாவைக் கண்டால் கண்ணை விரிக்கும், சிரிக்கும், கையை நீட்டும். பார்வையில்லாத குழந்தையின் முகத்தில் அந்த அசைவுகள் குறைவு, பல நேரம் வெறுமையாகத் தெரியும். அந்த வெறுமையில் அம்மாக்கள் என்ன படிப்பார்கள்? இதற்கு என்னைப் பிடிக்கவில்லை, யார் தூக்கினாலும் இதற்கு ஒன்றுதான். ஃப்ரைபர்க் முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பார்க்கச் சொன்னார். முகம் சும்மா இருக்கும்போது விரல்கள் அம்மாவின் மூக்கையும் வாயையும் தடவிக்கொண்டிருந்தன, கையிலிருந்த பொம்மை விழுந்தால் அதைத் தேடிக் காற்றில் அசைந்துகொண்டிருந்தன. பிள்ளை இத்தனை நாளும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, வேறு இடத்திலிருந்து.

அதே ஃப்ரைபர்க் 1975இல் எட்னா ஆடல்சன், விவியன் ஷப்பீரோ ஆகியோரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில்தான் தொட்டில் பக்கத்தில் அழைக்காமல் வந்து நிற்கிற பேய்களைப் பற்றிய பேச்சு வருகிறது. பேய் என்றதும் பயப்படாதீர்கள், பெற்றோரின் நினைவில் நிற்காத பழைய காலத்திலிருந்து வருகிற விருந்தாளிகள் என்ற அர்த்தத்தில் சொன்னது. மிச்சிகனில் நடந்தது. ஐந்தரை மாதக் குழந்தை அலறுகிறது, இளம் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், பார்வை எங்கேயோ இருக்கிறது. இவளுக்கு ஏன் பிள்ளையின் அழுகை கேட்கவில்லை? அதட்டிப் பார்க்கலாம், பாடம் நடத்தலாம். அவர்கள் வேறு வழியில் போனார்கள். வீடு தேடிப் போய் உட்கார்ந்து, முதலில் அந்த அம்மாவின் அழுகையைக் கேட்பது என்று முடிவு செய்தார்கள். சின்ன வயதில் கைவிடப்பட்டவள் அவள். அதையெல்லாம் யாருக்கோ நடந்ததுபோல உணர்ச்சியில்லாமல்தான் முதலில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவர் பொறுமையாகக் கேட்டு, அவள் நிஜமாகவே அழ ஆரம்பித்த பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளையை எடுத்து அணைத்துக்கொண்டாள்.

கஷ்டப்பட்ட எல்லாருமா அதைப் பிள்ளை மேல் இறக்குகிறார்கள்? இல்லை. பலர் "நான் பட்டது என் பிள்ளைக்கு வேண்டாம்" என்று அவ்வளவு அருமையாக வளர்க்கிறார்கள். இரண்டு வகையினருக்கும் நடந்த சம்பவங்கள் ஞாபகம் இருக்கும், சிலர் ரோத்தான் (பிரம்பு) எந்தக் கதவுக்குப் பின்னால் தொங்கியது என்பதுவரை சொல்வார்கள். ஒருவருக்கு அப்போது வலித்தது ஞாபகம் இருக்கிறது, மற்றவருக்கு வலித்தது மட்டும் காணாமல் போயிருக்கிறது. ஃப்ரைபர்க் கண்ட வித்தியாசம் அதுதான்.

இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன். "நான் அழவே மாட்டேனாம்." அந்த "ஆம்" இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். அது உங்கள் ஞாபகம் இல்லை, உங்களுக்குச் சொல்லப்பட்ட சேதி. எத்தனையோ தடவை கேட்டுக் கேட்டு உங்கள் பெருமையாகவே ஆகிவிட்டது.

லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்றொருவர், போர்க்காலத்தில் ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்டு நடத்திய குழந்தைகள் இல்லத்தில் பாய்லர் பார்த்துக்கொள்கிற வேலையில் சேர்ந்து, அப்புறம் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவரோடு சேர்ந்து ஆராய்ச்சியாளரானவர் (இந்த மாதிரி ஆட்கள்தான் இந்தத் துறைக்கு உயிர்). ஆஸ்பத்திரியில் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியை 1952இல் படம்பிடித்துக் காட்டினார். அவர் கண்டது, பிள்ளைகள் முதலில் அழுது முரண்டு பிடிப்பார்கள், அப்புறம் சோர்ந்து சுருண்டுகொள்வார்கள், அப்புறம் அமைதியாகிவிடுவார்கள். நர்ஸுகள் அந்த அமைதியைப் பார்த்துப் "பிள்ளை பழகிடுச்சு" என்றார்கள். பழகவில்லை, எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டது.

உங்கள் அம்மாமேல் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் கதையும் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறது. ரப்பர் மரத்தில் பால் நன்றாகச் சுரப்பது வெயில் ஏறுவதற்கு முன், அதனால் தோட்டத்தில் அம்மாக்கள் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போனார்கள், பிள்ளைகள் ஆயாக் கொட்டகைக்குப் போனார்கள். வரிசையாகத் துணி ஏணைகள், ஓர் ஆயா, பத்துப் பதினைந்து பிள்ளைகள். எங்கள் தோட்டத்துக் கொட்டகை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது, டின் பால் வாசனையும் ஈரத் துணி வாசனையும் சேர்ந்த இடம். அங்கே அழாத பிள்ளைதான் நல்ல பிள்ளை, வேறு எப்படி இருக்க முடியும்? அப்படி வளர்ந்த பெண்கள், 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் வந்தபின், சீருடை போட்டுக்கொண்டு ராத்திரி பத்துமணிக் கம்பெனி பஸ் ஏறினார்கள், அவர்கள் பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பாயில் தூங்கினார்கள். இரண்டு தலைமுறையாக உங்கள் வீட்டில் அழாமல் இருப்பதுதான் அம்மாவுக்குச் செய்கிற உதவி.

இப்போது மூன்றாவதாக ஒருத்தி வந்து பள்ளி வாசலில் ஊரே கேட்க அழுகிறாள். அழுதால் யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கை இருக்கிற பிள்ளைதான் அப்படி அழும், அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்தது நீங்கள்தான். ஆனால் உங்களுக்குள் இருக்கிற சமத்துப் பிள்ளைக்கு அது நாடகமாகத்தான் தெரியும். "நான் இருக்கலையா? இவளுக்கு மட்டும் என்ன?" இதில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருக்கும், சொல்லக் கூசுகிற விஷயம்தான், ஆனால் நான் பார்த்த அம்மாக்களில் பாதிப் பேருக்கு மேல் தயங்கித் தயங்கி ஒத்துக்கொண்டது இதைத்தான். மாமியார் இதில் வெறும் ஆணி. சட்டை உங்களுடையது, மாட்ட ஓர் இடம் கிடைத்தது. அவர் நிஜமாகவே நாடகக்காரியாக இருக்கலாம், அது வேறு பஞ்சாயத்து.

சரி, இதை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறைக்கு ஒரு கெட்ட சரித்திரம் உண்டு. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் மனச்சிதைவு நோயை அம்மாவோடு முடிச்சுப்போட்டு ஒரு சொல்லை உண்டாக்கினார். ப்ரூனோ பெட்டல்ஹைம் 1967இல் புத்தகம் போட்டு, ஆட்டிசம் அம்மாவின் பாசமின்மையால் வருகிறது என்ற எண்ணத்தை ஊரெல்லாம் பரப்பினார். இரண்டும் தப்பு, எத்தனையோ அம்மாக்கள் வீணாகக் குற்றவுணர்ச்சியில் வெந்தார்கள். பிள்ளை ஒன்றும் வெள்ளைத்தாள் இல்லை. நியூயார்க்கில் அலெக்ஸாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956 முதல் பல வருஷம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து, சில பிள்ளைகள் பிறவியிலேயே புது இடம், புது ஆள் என்றால் தயங்குகிற சுபாவத்தோடு வருகிறார்கள் என்று காட்டினார்கள். அதுவும் போக, மூன்று வயதில் பள்ளி வாசலில் அழுவது ரொம்பச் சாதாரணம். அதனால் மகளின் அழுகைக்குக் காரணம் நீங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த அழுகை உங்கள் காதில் நாடகமாக விழுவதற்குத்தான் உங்களிடம் காரணம் இருக்கிறது.

ஆதாரம் இல்லாத பேச்சு என்றும் தள்ள முடியாது. லண்டனில் பீட்டர் ஃபோனகியும் ஸ்டீல் தம்பதியும் கர்ப்பிணிகளிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிப் பேசவைத்து, பிள்ளைக்கு ஒரு வயதானபின் அம்மாவும் பிள்ளையும் பழகுவதைப் பார்த்து, 1991இல் வெளியிட்டார்கள். பிறக்காத பிள்ளை அம்மாவோடு எப்படிப் பிணையும் என்பதை, அம்மா தன் பழைய கதையைச் சொல்கிற விதத்தை வைத்தே ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குச் சரியாகக் கணிக்க முடிந்தது. என்ன நடந்தது என்பதைவிட எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் கணக்கு. மழுப்பாமல், ஒரே பெருமையாகவும் இல்லாமல், ஒரே புலம்பலாகவும் இல்லாமல்.

நீங்கள் என்ன செய்யலாம்? எரிச்சலை அடக்கவேண்டும் என்று ஆரம்பிக்காதீர்கள். டானல்ட் வினிகாட் என்ற குழந்தை மருத்துவர் 1949இல் வெளியான கட்டுரையில், சாதாரண நல்ல அம்மா தன் குழந்தையை வெறுப்பதற்குப் பதினெட்டுக் காரணங்களை வரிசையாக எழுதிவைத்தார். எரிச்சல் வரட்டும். வந்ததும், நான் இப்போது யாரிடம் கோபப்படுகிறேன் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், பதில் உடனே வராவிட்டாலும் பரவாயில்லை. நாளைக் காலையில் அவள் முகத்தைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். வாரை எப்படிப் பிடிக்கிறாள், எந்த நொடியில் இறுக்குகிறாள், டீச்சர் வந்ததும் தளர்கிறதா என்று. அதை எனக்கு எழுதி அனுப்புங்கள். என் அனுபவத்தில், பிள்ளையை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும்போது மாமியார் அங்கே இருக்கமாட்டார்.

ஆனால் கை ஓங்குகிற அளவுக்குப் போனாலோ, பிள்ளையோடு இருக்கிற நேரம் முழுக்கவே உங்களுக்கு வெறுமையாக இருந்தாலோ, எழுதிக்கொண்டிருக்காமல் நேரில் ஒருவரைப் பாருங்கள். அரசாங்க கிளினிக்கில் சொன்னால் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கணவரையும் ஒரு வாரம் பள்ளிக்கு விடச்சொல்லுங்கள். அவருக்கும் அங்கே யாராவது தெரியக்கூடும், அப்பாக்களுக்கு இதெல்லாம் கிடையாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியில்லை.

இன்னொன்று. ஃப்ரைபர்க்கிடம் பணியாற்றிய அலிசியா லீபர்மன் 2005இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதினார், தொட்டில் பக்கத்தில் பேய்கள் மட்டும் நிற்பதில்லை, தேவதைகளும் நிற்கிறார்கள் என்று. நம்மை ஒருகாலத்தில் யாரோ பொறுமையாகத் தூக்கி வைத்திருந்த நினைவு, அது சொல்லாக இல்லாமல் உடம்பில் இருந்தாலும், நம் பிள்ளையைத் தூக்கும்போது அதுவும் கூட வரும். அந்தப் பக்கத்து வீட்டு அத்தையைப் பற்றி நீங்கள் ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. அவர் பெயர்கூட இல்லை. அவர் வீட்டில் நீங்கள் சுருண்டு கிடந்தீர்களா, இல்லை அவர் இடுப்பை விட்டு இறங்காமல் சுற்றினீர்களா என்று எனக்குத் தெரியாது, ராபர்ட்சனை வைத்து நான் யூகிப்பது முழுத் தப்பாகவும் இருக்கலாம்.

உங்கள் அம்மா உங்களோடுதான் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து அவர் ஓய்வாக உட்காரும்போது கேளுங்கள்மா. "ஏம்மா விட்டுட்டுப் போனீங்க" என்கிற மாதிரி இல்லாமல், சும்மா. அத்தை வீட்டில் விட்ட முதல் வாரமும் நான் அழலையா? பஸ் வந்து நிற்கும்போது நீங்க என்ன செஞ்சீங்க?